வாசக்கதவு வழியா பூனை நழுவாம இருக்க: கேட்டுக்கு வலையா, ட்ரெய்னிங்கா, உள்ள இன்னொரு கதவா?

எங்க பூனை பொம்மிக்கு இப்ப நாலு வயசு. திருவான்மியூர்ல மூணாவது மாடி ஃப்ளாட், கீழ தெருநாய் கூட்டம், பக்கத்துலயே பஸ் ஓடுற ரோடு, அதனால வெளிய விடுறதுங்கற பேச்சுக்கே எடமில்ல. ஆனா அவளுக்கு வாசக்கதவுன்னா உயிர், பெல் அடிச்சா எங்க தூங்கிட்டு இருந்தாலும் ஓடி வந்து கதவுக்கும் நிலைக்கும் நடுவுல மூக்க வெச்சுடுவா. மூணு வருஷத்துல மூணு வழி பாத்தாச்சு, மூணுமே இப்பவும் வீட்டுல இருக்கு, ஆனா நான் நம்புறது கடைசியா போட்டதத்தான்.

மொதல்ல சின்னச் சின்ன விஷயங்கள சொல்லிடறேன். கருத்தடை ஆபரேஷன் கட்டாயம், அது பண்ணலன்னா கீழ எழுதுற எதுவுமே நிக்காது. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கச் சொல்வாங்க, வேண்டாம், அந்த மாதிரி எண்ணெய் பூனை உடம்புக்கு விஷம். தண்ணி பீச்சுனா உங்களப் பாத்துத்தான் பயப்படும், கதவப் பாத்து இல்ல. கொழந்தைக்கு மாட்டுற குட்டி கேட்ட எங்காளு ஒரே தாவுல தாண்டிட்டா. தோலுக்கு அடியில வெக்கிற மைக்ரோசிப் நல்லது, ஆனா அது ஜிபிஎஸ் கெடையாது, யாராவது கண்டுபிடிச்சு ஸ்கேனர் வெச்சாத்தான் நம்பர் தெரியும். கழுத்துல ஏர்டேக் (இருக்குற எடத்த ஃபோன்ல காட்டுற குட்டி வில்லை) மாட்டுறதும் அப்படித்தான், ஓடினதுக்கு அப்பறம் தேட உதவும், ஓடாம இருக்க உதவாது.

நாங்க மொதல்ல பண்ணது எல்லா ஃப்ளாட்லயும் மரக்கதவுக்கு வெளிய இருக்குமே இரும்பு சேஃப்டி கேட், அதுக்கு வலை அடிச்சது. கம்பிக்கு நடுவுல நாலு இஞ்ச் கேப், தல நுழைஞ்சா பூனைக்கு ஒடம்பு தானா நுழைஞ்சிடும். வெல்டு மெஷ் வாங்கி வெல்டிங்காரர் வந்து அடிச்சுக் குடுத்தார், 1,900 ரூவா ஆச்சு. கேட்டுக்கு அடியில ரெண்டு இஞ்ச் சந்து இருந்துச்சு, அதையும் தகடு வெச்சு அடைக்கச் சொன்னோம், அத விட்டிருந்தா வலை போட்டதே வீண். செலவு கம்மி, காத்து நல்லா வருது, பால் பாக்கெட்காரர், கூரியர் எல்லார்கிட்டயும் கேட்ட தொறக்காமயே பேசலாம். கடல் பக்கம்ங்கறதால ஒன்றரை வருஷத்துல வலை துரு பிடிச்சிடுச்சு, கடல் காத்து படுற ஏரியான்னா மொதல்லயே எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலையா போடச் சொல்லுங்க.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, போடும்போது எங்களுக்குத் தோணவே இல்ல. கேட்டும் கதவும் ஒரே நிலையில இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் எடம் கூட இல்ல. அதாவது ஒரு ஆள் உள்ள வரணும்னா ரெண்டையும் ஒண்ணா தொறந்துதான் ஆகணும். பாக்க ரெண்டு கதவு, பூனைக்கு ஒரே கதவு.

அது புரிஞ்சது சிலிண்டர் வந்த அன்னிக்கு. நான் ஆபீஸ்ல இருந்தேன். அம்மா கேட்ட அகலமா தொறந்து பிடிச்சிட்டு நின்னிருக்காங்க, அந்தத் தம்பி சிலிண்டர உருட்டிட்டு உள்ள வந்திருக்கார், சிலிண்டருக்கும் நிலைக்கும் நடுவுல இவ போயிட்டா. சத்தத்துல மெரண்டு கீழ போகாம மேல ஓடியிருக்கா. ரெண்டு ராத்திரி. கீழ கார் பார்க்கிங், பக்கத்து காம்பவுண்ட்னு எங்கெங்கயோ தேடினோம். ரெண்டாவது ராத்திரி முடிஞ்சு விடியக்காலம் நாலு மணிக்கு மொட்டமாடிக்குப் போய் தீனி டப்பாவ மெதுவா குலுக்கினேன், லிஃப்ட் ரூமுக்குப் பின்னாடி பழைய பைப் கட்டுக்கு நடுவுலேந்து ஒரு சின்ன முனகல். கைய நீட்டினா வரல, டப்பாவ தரையில வெச்சுட்டு நான் தள்ளி உக்காந்தப்பறம்தான் வந்தா. தூக்கினா நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூக்குல தோல் உரிஞ்சிருக்கு. (யாரோட பூனையாவது காணாமப் போச்சுன்னா மொதல்ல உங்க பில்டிங்கயே தேடுங்க, மாடிப்படிக்கு அடியில, மீட்டர் பாக்ஸ் பக்கம், கார் அடியில. 2018ல வந்த ஒரு ஆய்வுல கெடச்ச பூனைகள்ல முக்கால்வாசி 500 மீட்டருக்குள்ளதான் இருந்துச்சு.)

அதுக்கப்பறம் ட்ரெய்னிங். இது நெஜமாவே வேல செய்யுது, கொறச்சு சொல்ல மாட்டேன். பெல் அடிச்சதும் கதவுகிட்ட போகாம ஜன்னல் பக்கத்து ஸ்டூல்ல ஒரு துண்டு கருவாடு வெப்போம், வீட்டுல இருக்குறவங்க வெளிய போய் பெல் அடிச்சு அடிச்சு பழக்கினோம், மூணு வாரத்துல பெல் அடிச்சா ஸ்டூலுக்கு ஓட ஆரம்பிச்சா. இன்னொண்ணு, வெளியேந்து வந்ததும் வாசல்லயே நின்னு கொஞ்சக்கூடாது, செருப்ப விட்டு உள்ள போய் உக்காந்தப்பறம்தான் தூக்கணும், இல்லன்னா வாசல்தான் நல்ல எடம்னு அதுக்குப் பதிஞ்சிடும்.

ஆனா பழக்கம் பொம்மிக்கும் எனக்கும் நடுவுல இருக்குற விஷயம். கதவத் தொறக்குறது நான் மட்டுமா? ஒரு நாளைக்கு எங்க வீட்டுக் கதவு எத்தன தடவ தொறக்குதுன்னு ஒரு ஞாயித்துக்கெழம எண்ணினேன், 23 தடவ, அதுல நான் தொறந்தது ஆறு. மிச்சமெல்லாம் அம்மா, வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, ட்யூஷன்லேந்து வர்ற பையன், அவன் ஃப்ரெண்ட்ஸ். "பாப்பா எங்க இருக்கான்னு பாத்துட்டுத்தாம்மா தொறப்பேன்"னு அக்கா சொல்வாங்க, உண்மையாவே பாத்துட்டுத்தான் தொறப்பாங்க, ஆனா ஒரு கைல குப்பைப் பை, இன்னொரு கைல ஃபோன்னு இருக்குற நாள் ஒண்ணு வரத்தான செய்யும். அவங்கமேல தப்பே இல்ல. நூறு நாள் கருவாடு கெடச்சிருந்தாலும் ஒரே ஒரு நாள் வெளிய போயி அந்தப் படிக்கட்ட மோந்து பாத்துட்டா திரும்ப ஒரு மாசம் கதவுகிட்டயே தவம் கெடப்பா, அதையும் பாத்தாச்சு. யார் தொறந்தாலும், மறந்தாலும், அவசரத்துல இருந்தாலும் காப்பாத்துற வழி எதுன்னு பாத்தா ரெண்டு கதவும் ஒரே நேரத்துல தொறக்கவே வேண்டியிருக்காத ஏற்பாடு ஒண்ணுதான்.

அதான் உள்கதவு. எங்களுக்கு வாசல்லேந்து ஹாலுக்கு நாலடி நடை இருக்கு, செருப்பு ஸ்டாண்ட் வெக்கிற எடம். அந்த நடை முடியுற எடத்துல அலுமினிய ஃப்ரேம் வலைக்கதவு போட்டோம், மொத்தம் 7,200. வர்றவங்க வாசக்கதவ மூடிட்டு, அப்பறம் வலைக்கதவத் தொறந்து ஹாலுக்கு வரணும். போடுறவங்க கவனிக்க வேண்டியது என்னன்னா, கதவு ஹால் பக்கமா தொறக்கணும். அப்பத்தான் பூனை எவ்ளோ தள்ளினாலும் கதவு நிலையிலதான் போயி ஒட்டும், வர்ற ஆளு தள்ளும்போது பூனையும் பின்னால நகரும். சாதா கொசுவலை நகத்துக்குத் தாங்காது, பெட் மெஷ்னு தடிமனா ஒண்ணு இருக்கு, அதக் கேளுங்க. வலைய புடிச்சு ஏறுவா, அதனால கதவுக்கு மேல சீலிங் வரைக்கும் இருக்குற எடத்தையும் வலை வெச்சு அடைக்கணும்.

தானா மூடிக்க ஸ்பிரிங் கட்டாயம், ஆனா அதுல அவசரம் வேண்டாம். எங்களுது மொதல்ல படார்னு மூடிச்சு, ஒருநாள் வால் நுனி மாட்டிக்கிட்டு அவ கத்தின கத்தல் இன்னும் காதுல இருக்கு. ஸ்பிரிங்க லூஸ் பண்ணி ஓரத்துல ஸ்பான்ஜ் பட்டை ஒட்டினோம். மெதுவா மூடினாலும் பயமில்ல, வெளிக்கதவுதான் ஏற்கனவே மூடியிருக்கே.

பராமரிப்புன்னா அடிவலையில சேர்ற முடிய வாரம் ஒரு தடவ ஈரத்துணியால துடைக்கணும், அவ நகத்தால இழுத்து வலைய ஃப்ரேம்ல பிடிச்சிருக்குற ரப்பர் பீடிங் அங்கங்க வெளிய வரும், திரும்ப அமுக்கி விட்டா போதும். போட்டு ஒன்றர வருஷம் ஆச்சு. ரெண்டு தடவ நடை வரைக்கும் வந்திருக்கா, செருப்ப மோந்துட்டு உக்காந்திருந்தா, தூக்கிட்டு வந்துட்டோம்.

எனக்கு ஒரே பூனைதான், நாலஞ்சு பூனை இருக்குற வீட்டுல ஒண்ணு நடைக்கு வந்தா இன்னொண்ணும் பின்னாலயே வருமான்னு அனுபவத்துல சொல்ல முடியாது. நடையே இல்லாம வாசல் நேரா ஹால்ல தொறக்குற ஃப்ளாட்டுக்கு கேட் வலையும் ட்ரெய்னிங்கும் சேத்துத்தான் பண்ணணும், அங்க சிலிண்டர் வர்ற நேரத்துல பூனைய ஒரு ரூம்ல விட்டு கதவ சாத்திட்டு அப்பறம் வாசலத் தொறங்க. வாடகை வீடா இருந்தா ஓனர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க, எங்க ஓனர் மொதல்ல யோசிச்சார், செவுத்துல எட்டு ஓட்டைதான், காலி பண்ணும்போது புட்டி வெச்சு அடைச்சுக் குடுத்துடறேன் சார்னு சொன்னதும் சரின்னுட்டார்.