பழைய படகு மோட்டார் வாங்கப் போறீங்களா? ட்ரம்மில் ஓட்டிக் காட்டுவதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

பழைய அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், குறிப்பாக நாகமரை, ஒட்டனூர், ஏரியூர் பக்கம் மேட்டூர் அணைத் தண்ணீரில் படகு வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கிருஷ்ணகிரியில் பழைய மெஷின் சாமான் விற்கும் ஒரு இடத்தில் என் மாமாவிடம் ₹52,000 வாங்கிக்கொண்டு, கடல் உப்பு தின்று தீர்த்த மோட்டாருக்குப் பெயிண்ட் அடித்துத் தலையில் கட்டிவிட்டார்கள். அது போதாதென்று சர்வீஸ் என்று சொல்லி மேற்கொண்டும் பணம் பிடுங்கினார்கள். கடை பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் அதே வித்தையை யாரும் எங்கேயும் செய்யலாம்.

மாமாவுக்கு அக்கரையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ரோட்டில் சுற்றிப் போனால் அரை நாள் போய்விடும், அதனால் ஃபைபர் படகில்தான் போக்குவரத்து. துடுப்புப் போட்டே காலம் தள்ளியவருக்குத் தோள்பட்டை வலி வந்த பிறகு மோட்டார் தேவைப்பட்டது. புதுசு வாங்க வசதி இல்லை. கடைக்காரர் சொன்னது இது: "ஏரியில டூரிஸ்ட் படகுல ஓடுனதுங்ணா. உப்புத்தண்ணியே பார்க்காத மோட்டாரு. முழுசா இறக்கி ரீகண்டிஷன் பண்ணியிருக்கோம்." 8 குதிரைசக்தி, ரெட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் ட்ரம்மில் மாட்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். பக்கவாட்டு ஓட்டையில் தண்ணீர் நன்றாகப் பீய்ச்சியது. இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி அணைத்துவிட்டார்கள்.

ட்ரம்மில் மோட்டாருக்கு வேலையே கிடையாது. அது தள்ள வேண்டிய படகு இல்லை, எதிர்த்து வரும் காற்று இல்லை. முழு த்ராட்டில் கொடுத்தால் தண்ணீர் வெளியே அடித்துவிடும் என்பதால் கொடுக்கவும் மாட்டார்கள். மோட்டாரைக் குளிர வைக்கத் தண்ணீர் ஓடும் பாதை பாதி அடைத்திருந்தாலும் அந்தக் குறைந்த வேகத்தில், அந்தச் சில நிமிடத்தில், சூடு ஏறி வெளியே தெரியாது. பக்கவாட்டு ஓட்டையில் தண்ணீர் வருவது பம்ப் ஏதோ தண்ணீர் ஏற்றுகிறது என்பதை மட்டும்தான் காட்டும். அந்தத் தண்ணீர் சிலிண்டரைச் சுற்றி முழுசாகப் போகிறதா என்பதை அது சொல்லாது. இதைத் தெரிந்தவர்கள்தான் ட்ரம்மோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கொண்டுவந்ததிலிருந்தே படகில் பாரம் ஏற்றினால் இழுக்கவில்லை. ஒரு முறை கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே சூடாகி நின்றது. கடைக்கு எடுத்துப் போனோம். "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க, அதான் காரணம்" என்றார்கள். இதில் பாதி உண்மை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். பழைய மோட்டாரின் ரப்பர் குழாய்களையும், பெட்ரோல் பம்பில் இருக்கும் மெல்லிய டயாஃப்ரத்தையும் அது கெடுக்கும். ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டேங்கில் பல நாள் தேங்கினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். ஆகவே வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓடவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம், அதுவும் மோட்டார் தண்ணீருக்குள் இருக்கும்போதே. ஆனால் எங்கள் மோட்டார் சூடானதற்கு முதல் காரணம் பெட்ரோல் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

பில் போட்டார்கள். புது இம்பெல்லர் (தண்ணீர் ஏற்றும் பம்பில் சுழலும் ரப்பர் சக்கரம்), புது கியர் ஆயில், கார்புரேட்டர் சர்வீஸ், கூலி எல்லாம் சேர்த்து ₹4,600. மாமா கேள்வி கேட்காமல் கொடுத்தார். கை பில்தான், ஆனால் சீல் குத்தித் தந்தார்கள். அந்தச் சீல்தான் இன்று எங்களுக்கு உதவுகிறது.

ஆடிக்காற்று வீசும் நாட்களில் அணைத் தண்ணீர் எப்படிக் கொந்தளிக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாமாவும் அத்தையும் சோளத்தட்டுக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு அக்கரையிலிருந்து திரும்பினார்கள். நடுத்தண்ணீரில் பெயிண்ட் கருகும் வாடை வந்தது. மோட்டார் குரல் இறங்கி அப்படியே நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை, பிஸ்டன் பிடித்துவிட்டது. தட்டுக் கட்டில் காற்று மோதிப் படகைப் பக்கவாட்டில் தள்ளியது. மாமா கட்டுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தள்ளிவிட்டுத் துடுப்பை எடுத்தார். வலை போட்டுக்கொண்டிருந்த பரிசல்காரர்கள் பார்த்து, கரையில் இருந்த பெரிய படகுக்குக் குரல் கொடுத்து, அவர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அத்தைக்கு நீச்சல் தெரியாது. இருவரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். தெரிந்தே இப்படி ஒன்றை விற்றவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் பணத்தைப் பற்றியது மட்டும் இல்லை.

கடலூர் துறைமுகத்தில் பல வருஷம் படகு மோட்டார் வேலை பார்த்த ஒரு பெரியவர் இப்போது மேட்டூரில் இருக்கிறார். மோட்டாரை அவரிடம் எடுத்துப் போனோம். அவர் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே, "தம்பி, இதை முதல்ல போட்டோ எடு" என்றார். அடிப்பாகத்தையும் மேல் தண்டையும் சேர்க்கும் போல்ட்களைக் காட்டினார். போல்ட் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் பெயிண்ட் ஒரே படலமாக, கொஞ்சமும் உடையாமல் இருந்தது. இம்பெல்லர் அந்த அடிப்பாகத்துக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கும். இந்தப் போல்ட்களைக் கழற்றாமல் அதைத் தொடவே முடியாது. அதாவது பெயிண்ட் அடித்த பிறகு அந்த இடத்தில் ஸ்பேனரே படவில்லை. புது இம்பெல்லர் என்று பில்லில் மட்டும் இருந்தது.

அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றினார். கியர் ஆயில் பால் டீ போல வந்தது. ஆயில் சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கினால்தான் அந்த நிறம் வரும். அதையும் மாற்றியதாகப் பில் போட்டிருந்தார்கள். அடிப்பாகத்தை இறக்கியதும் இம்பெல்லர் தெரிந்தது. ரப்பர் கெட்டித்துப்போய், இதழ்கள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்து அப்படியே நின்றுவிட்டன. இரண்டு இதழ்கள் இல்லை, அவை மேலே தண்ணீர்ப் பாதையில் போய்ச் சிக்கியிருந்தன. சிலிண்டர் ஹெட் மூடியைத் திறக்கும்போது இரண்டு போல்ட்கள் முறிந்தன. உள்ளே வெள்ளையாக உப்பு, சாம்பல் நிறத்தில் அரித்த அலுமினியப் பொடி. தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) இருக்க வேண்டிய இடம் காலி. எக்ஸாஸ்ட் மூடியில் அரித்து விழுந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்து, அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பிஸ்டனை விடுவித்த பிறகு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்தால் கேஜில் மேல் சிலிண்டருக்கு 105 பிஎஸ்ஐ, கீழ் சிலிண்டருக்கு 60. இரண்டுக்கும் நடுவில் 10–15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

கார்புரேட்டர் பக்கம் இன்னொன்றும் வெளிவந்தது. இரண்டாவது எரிபொருள் குழாய் மாட்டும் இடத்தைத் திருகு போட்டு அடைத்திருந்தார்கள். கடலோரத்தில் மீனவர்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை இது. மண்ணெண்ணெய்க்காகக் கம்ப்ரஷனைக் குறைத்துச் செய்த மோட்டார், பெட்ரோல் மோட்டார் போல இழுக்காது. ஏரியில் டூரிஸ்ட் படகில் ஓடியது என்ற கதை அங்கேயே முடிந்தது. பிராக்கெட்டில் இருக்கும் நம்பர் பிளேட்டின் ரிவெட்டுகளும் புதுசு. வேறு மோட்டாரின் பிளேட்டாக இருக்கலாம் என்றார் பெரியவர்.

இதை வைத்துப் பழைய மோட்டாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓலே எவின்ரூட் அமெரிக்காவில் 1909-ல் விற்க ஆரம்பித்த காலத்திலிருந்து இந்த மோட்டார்களின் அமைப்பு கையால் இறக்கி ஏற்றக்கூடிய எளிமையான அமைப்புதான். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன மோட்டார்களில் பேட்டரி இல்லாமல் காந்தச் சக்கரத்திலேயே தீப்பொறி வரும். தீப்பொறிக்குப் பாயிண்ட், கண்டன்சர் இருக்கும் பழைய வகையில் அவற்றைச் சுத்தம் செய்து மாற்றி, வருஷத்துக்கு ஒரு முறை இம்பெல்லரும் கியர் ஆயிலும் மாற்றினால், நன்னீரில் ஓடியது பல பத்து வருஷம் உழைக்கும். பாழாவது கவனிப்பு இல்லாததால்தான். அதிலும் கடலில் ஓட்டிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமல் சாய்த்து வைத்ததை யாராலும் காப்பாற்ற முடியாது, உப்பு உள்ளே இருந்தபடியே தின்னும். பழசிலும் ஜான்சன், எவின்ரூட் கம்பெனி மோட்டார் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் உதிரி பாகத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். அவற்றைச் செய்த ஓஎம்சி என்ற அமெரிக்க நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. அதை வாங்கியவர்களும் 2020-ல் எவின்ரூட் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு கம்ப்ரஷன் கேஜ் எடுத்துப் போங்கள். பைக் மெக்கானிக்கிடம் கேட்டாலே கேஜ் கிடைக்கும். கியர் ஆயிலை உங்கள் கண்முன் கொஞ்சம் வடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே திரும்பிவிடலாம். புதுப் பெயிண்ட் பளபளப்பாக இருந்தால் போல்ட் தலைகளை விரலால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் அடித்த பிறகு கழற்றி வேலை பார்த்ததாகச் சொல்லும் மோட்டாரில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை என்றால் அது பொய். எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் படகில் மாட்டி, ஆள் ஏற்றி, அரை மணி நேரம் கரையோரமாகவே முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் முழுப் பணமும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். கிருஷ்ணகிரியில் இருந்து தண்ணீர்க்கரை தூரம் என்று சொல்வார்கள். வண்டி வாடகையை நீங்களே கொடுத்தாலும் நஷ்டமில்லை.

ஆயில் விஷயத்திலும் ஏமாற்றினார்கள். ஆட்டோவுக்கு ஊற்றும் டூ டி ஆயிலே போதும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அது காற்றால் குளிரும் என்ஜினுக்கானது. தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில்தான் வேண்டும். பெட்ரோலுக்கு ஆயில் 50:1 என்ற கணக்கில் கலக்கும் மோட்டாருக்குப் பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்று எழுதியிருக்கும் பழசுக்கு 40 மில்லி.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "வியாபாரத்துக்கு வாங்குனதுக்கு நுகர்வோர் கேஸ் நிக்காதுங்க" என்று மிரட்டினார்கள். அது தவறு. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிய பொருளை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகக் கணக்கில் சேர்க்காது. கடை கிருஷ்ணகிரியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தால் தமிழிலேயே சொல்வார்கள். நாங்கள் சீல் போட்ட பில், போல்ட் தலைகளின் போட்டோ, பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு மூன்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். முறிந்த போல்ட்களும் இம்பெல்லரும் கவரில் அப்படியே இருக்கின்றன. கிருஷ்ணகிரிப் பக்கம் இதே மாதிரி மோட்டார் வாங்கி ஏற்கனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், அடுத்த முறை ஆள் ஏற்றுவதற்கு முன்னால் அடிப்பாகத்தை இறக்கி இம்பெல்லரைப் பார்த்துவிடுங்கள். புகார் எழுத உதவி வேண்டுமானால் எங்கள் மனுவின் நகலை அனுப்புகிறேன்.