வளையக் குழியா, அடி அடைத்த தொட்டியா? கிணறு உள்ள வளவுக்கு எது

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவர்கள் கூரைக்கு ஓடா பிளாட்டா என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். மலசலகூடக் குழியை மட்டும் மேசனிடம் விட்டுவிடுவார்கள். மேசனும் தனக்குக் கைப்பழக்கமான வளையக் குழியைத்தான் சொல்லுவார். நல்லூர்ப் பக்கம் இரண்டு பரப்புக் காணியில் நாங்கள் கட்டினபோது தொட்டிதான் வேணும் என்று பிடிவாதமாக நின்றோம். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று சொல்லமாட்டேன்.

வளையக் குழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். கொங்கிறீற் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, அடியைத் திறந்தபடி விட்டு, மேலே மூடி போடுவது. மலிவு, சுறுக்காக முடியும், இடமும் குறைவு. "இருபது வருசமா ஒருக்காலும் இறைக்கேல்லை" என்று சொல்லிப் பெருமைப்படுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நிரம்பாத குழியில் இருந்தது எங்கே போனது என்று கேட்டால் கதை வேறு பக்கம் திரும்பிவிடும்.

தொட்டியில் அடியும் சுவரும் அடைத்துப் பூசப்பட்டிருக்கும். நடுவில் தடுப்புச் சுவர். கட்டியானது அடியில் படிய, தெளிந்த நீர் மட்டும் அடுத்த அறைக்கும், அங்கிருந்து நிலத்துக்குள் வடியவிடுகிற உறிஞ்சுகுழிக்கும் போகும். செலவு கூடத்தான். கொஞ்ச ஆழத்திலேயே கல் தட்டுப்படுகிற காணி என்றால் உடைக்கிற கூலி தனி.

மற்ற எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தக் கல்தான். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமாக இருக்கும். மணல் நிலத்தில் கழிவுநீர் மெல்ல வடிந்து ஓரளவு சுத்தமாகும். வெடிப்பு விழுந்த கல்லில் அந்த வடிப்பு நடக்காது, நேரே ஓடிவிடும். வருசம் முழுக்க ஓடுகிற ஆறில்லாத ஊர். மாரி மழை நிலத்துக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கார்த்திகை, மார்கழியில் நீர்மட்டம் ஏறிவரும்போது திறந்த குழியின் அடி நிலத்தடி நீரிலேயே நிற்கும்.

அனர்த்த காலங்களில் உதவி நிறுவனங்கள் பின்பற்றுகிற ஸ்பியர் நியமம், குழிக்கும் நிலத்தடி நீர் எடுக்கும் இடத்துக்கும் 30 மீற்றர் இடைவெளி வேண்டும், குழியின் அடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றராவது மேலே இருக்கவேண்டும் என்கிறது. வெடிப்புள்ள பாறையிலும் சுண்ணாம்புக்கல்லிலும் அந்த இடைவெளியைக் கூட்டச் சொல்கிறது. இனி எங்கள் காணிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். சதுரமான ஒரு பரப்பில் மூலைக்கு மூலை அளந்தாலும் 23 மீற்றர் வராது. இரண்டு பரப்பில் 30ஐத் தாண்டும், அதுவும் கிணறும் குழியும் எதிரெதிர் மூலைகளில் ஒட்டிக்கொண்டு இருந்தால். அந்த எதிர்மூலைக்கு அங்கால் மதிலோடு பக்கத்து வீட்டுக் கிணறு இருக்கும். பங்குக் கிணறு என்றால் கேட்கவே வேண்டாம். குழியை எங்கே தள்ளினாலும் யாரோ ஒருவருடைய தண்ணீருக்குக் கிட்டத்தான். தள்ளி வைக்க இடமில்லாத ஊரில் அடைத்து வைப்பதுதான் மிச்ச வழி.

கொதிக்கவைத்துக் குடிக்கிறோமே என்பார்கள். கிருமி சாகும், கழிவிலுள்ள நைதரசனில் இருந்து உண்டாகி நீரில் கரைந்து நிற்கிற நைத்திரேற்று போகாது. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்; கூடினால் பால்குடிக் குழந்தைகளுக்கு ஆபத்து. இந்த இடத்தில் தொட்டிக்காகவும் பொய் சொல்லக்கூடாது. தொட்டி நைத்திரேற்றுப் பிரச்சினையை முழுதாகத் தீர்க்காது. வெளியேறும் நீரிலும் நைதரசன் இருக்கும். தோட்டத்துக்குப் போடுகிற உரமும் அதே நீரில்தான் சேருகிறது. கட்டியும் கிருமியும் நேரே கல்லுக்குள் இறங்குவதைக் குறைப்பதுதான் தொட்டியின் இலாபம்.

தொட்டி என்று பெயர் வைத்துவிட்டு அடியைப் பூசாமல் விடுகிற வேலையும் நடக்கிறது. மூடி போட முன்னம் தண்ணீர் நிரப்பி, சுவர் குடிக்கிறதைக் குடித்து முடிய, மட்டத்தில் கரிக்கோடு ஒன்று கீறி, அடுத்த நாள் பாருங்கள். "தம்பி, இதென்ன தண்ணித் தாங்கியே, சோதிச்சுப் பாக்க?" என்று எங்கள் மேசன் அண்ணை முகத்தைச் சுழித்தார். கோடு இறங்கவில்லை என்றதும் அவருக்கே சந்தோசம்.

கடையில் விற்கிற பிளாஸ்ரிக் தொட்டியை நான் பாவித்ததில்லை. நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் இறைத்து வெறுமையாக்கினால் மிதந்து கிளம்பும் என்பதால், குருநகர், நாவாந்துறை போன்ற கரையோரங்களில் அடியில் கொங்கிறீற் போட்டு இறுக்கிக் கட்டவேண்டும்.

அனுமதி விசயத்தில் இரண்டுக்கும் வழி ஒன்றுதான். வரைபடத்தில் கிணறும் குழியும் இருக்கும் இடத்தைக் காட்டவேண்டும். பக்கத்து வளவுக் கிணற்றையும் போடச் சொல்லுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை மூடி போட முன்னமே கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள், மண் போட்டு மூடியபின் யாருக்கும் எதுவும் தெரியாது. கட்டி முடிந்தபின், அனுமதித்த வரைபடப்படிதான் கட்டியிருக்கிறது என்கிற அமைவுச் சான்றிதழ் எடுக்காமல் குடிபுகக்கூடாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பராமரிப்பில் வளையக் குழி வெல்லும். தொட்டியை இடைக்கிடை இறைக்கத்தான் வேண்டும். மூன்று தொடக்கம் ஐந்து வருசத்துக்கு ஒருமுறை என்பது பொதுக் கணக்கு. எங்களுடையது புதிது, எப்படிப் போகும் என்று இனித்தான் தெரியும். குளிக்கிற, சமையல் தண்ணீரை வாழையடிக்குத் திருப்பிவிட்டோம், தொட்டிக்குப் பாரம் குறைவு. பவுசரின் குழாய் எட்டுகிற இடத்தில், ஒழுங்கைப் பக்கமாக, கழற்றக்கூடிய மூடி வையுங்கள். இறைக்கிற நாளில் அடைப்பு எடுக்கவென்று ஒருவரையும் உள்ளே இறக்காதீர்கள், அந்த வாயு ஆளைக் கொல்லும்.

2024 இல் தாளையடிக் கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் திறந்தபிறகு, "இனிக் குழாய்த்தண்ணிதானே, கிணறு எப்படிப் போனால் என்ன" என்கிற கதையும் வருகிறது. குழாய்க்குக் காசு கட்டுகிறவர்களும் குளிக்க, தோய்க்க, மரக்கறிப் பாத்திக்கு விடக் கிணற்றடிக்குத்தான் போகிறார்கள். பக்கத்து வீட்டுக்கு அந்தக் குழாய் இன்னும் வராமலும் இருக்கலாம்.