எங்காடின் போகிறீர்களா? சாதாரண ரயிலிலேயே ஏறுங்கள்

எங்காடின் என்ற நீண்ட பள்ளத்தாக்கு இருக்கும் சுவிஸின் கிராபுண்டன் மாநிலத்துக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். பெரும்பாலும் கோடையில், சில தடவை பனிக்காலத்திலும். ஒருமுறைகூடக் கார் தேவைப்பட்டதில்லை. இந்த மலைநாட்டைப் பார்க்க வருகிறவர்களிடம் நான் அடித்துச் சொல்வது இதுதான்: பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலில் இடம் கிடைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அதே தண்டவாளத்தில் மணிக்கொரு தடவை சாதாரண ரயில் ஓடுகிறது. அதில் ஏறி, இடையிடையே இறங்கிப் போங்கள்.

எக்ஸ்பிரஸின் பெரிய கண்ணாடி அழகுதான். ஆனால் அதற்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். பிடித்த இடத்தில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறுவது நடக்காது. சாதாரண ரயிலுக்கு முன்பதிவே வேண்டாம். சில பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கலாம், கண்ணாடிப் பிரதிபலிப்பு இல்லாமல் படம் எடுக்கலாம்.

சூரிச்சிலிருந்து கூர் நகரம் ஒன்றேகால் மணி நேரம். அங்கே இந்த மாநிலத்து ரயில் நிறுவனமான ரேத்திய ரயில்வேயின் சிவப்பு வண்டிக்கு மாற வேண்டும். செயின்ட் மோரிட்ஸ் போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். ஃபிலிசூருக்குச் சற்று முன்னால், 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலத்தில் வண்டி வளைந்து போய், செங்குத்தான பாறைச் சுவருக்குள் நேராக நுழையும். ஒரு கண நேரக் காட்சி அது. ஃபிலிசூரில் இறங்கி அரை மணி நேரம் நடந்தால் பாலத்தைக் கீழிருந்து ஆற அமரப் பார்க்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

அடுத்து பெர்குன். அங்கிருந்து பிரேடாவுக்குச் சுமார் 400 மீட்டர் ஏற வேண்டும். செங்குத்தில் வழுக்காமல் பிடித்து ஏற உதவும் பல்சக்கரம் கிடையாது, மலைக்குள்ளே வட்டமடித்து, தான் வந்த பாதையையே கீழே பார்த்தபடி வண்டி ஏறுகிறது. இந்த அல்புலா பாதை 1903-ல் திறக்கப்பட்டது. கோடையில் பிரேடாவிலிருந்து பெர்குனுக்கு ரயில் பாதையை ஒட்டியே நடந்து இறங்கலாம். பனிக்காலத்தில் இரண்டு ஊருக்கும் இடையிலான சாலை சறுக்குவண்டிப் பாதையாகிவிடும். சறுக்கி இறங்கியவர்களை ரயில் திரும்ப மேலே கொண்டுபோய் விடும்.

இந்த மாநிலத்துக்கும் காருக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1900 முதல் 1925 வரை இங்கே காருக்குத் தடை. தடையை நீக்கும் முயற்சியை மக்கள் வாக்கெடுப்பில் திரும்பத் திரும்பத் தோற்கடித்தார்கள். அந்தக் கால் நூற்றாண்டில்தான் அல்புலா ரயில் பாதையும், செயின்ட் மோரிட்ஸிலிருந்து தீரானோ போகும் பெர்னினா ரயில் பாதையும் எழுந்தன. இன்றைக்கும் ரயில் நின்றதும் அஞ்சல் நிறுவனத்தின் மஞ்சள் போஸ்ட் பஸ் வெளியே காத்திருப்பதைப் பார்க்கும்போது, அந்தப் பிடிவாதத்தை நினைத்து மனதார நன்றி சொல்லத் தோன்றும்.

செயின்ட் மோரிட்ஸில் எனக்கு அதிக வேலை இல்லை, கடைகள்தான். பெர்னினா பாதை வண்டிக்கு மாறி, ஓஸ்பிசியோ பெர்னினா ஸ்டேஷனில் இறங்குவேன். 2253 மீட்டர் உயரம். அங்கே அருகருகே இரண்டு ஏரிகள். ஒன்றின் தண்ணீர் இன், டானூப் ஆறுகள் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. பனியாற்று நீரால் வெளுத்த மற்றதன் தண்ணீர் போ நதி வழியாக அட்ரியாட்டிக்குக்கு. வெள்ளை ஏரிக் கரையோரமாக ஆல்ப் குரூம் வரை நடந்தால் எதிரே பாலூ பனியாறு தொங்கும். அப்புறம் அங்கேயே ரயிலேறி, பிருசியோவின் வட்டப் பாலத்தைச் சுற்றி, 429 மீட்டரில் இருக்கும் தீரானோவுக்கு இறங்கலாம். அது இத்தாலி, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கோடையில் பிற்பகல் திரும்பும் வண்டிகளில் நெரிசல் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.

கீழ் எங்காடினைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். குவார்டா ஊர் மேட்டில் இருக்கிறது, ஸ்டேஷன் பள்ளத்தில், பஸ் ஏற்றிவிடும். வீட்டுச் சுவர்களில் மேல் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி, உள்ளே இருக்கும் கருத்த பூச்சு தெரியும்படி கோலம் போட்டிருக்கிறார்கள். இந்தப் பகுதியின் சொந்த மொழியான ரோமான்ஷ் காதில் விழும். செர்னெட்ஸிலிருந்து தேசியப் பூங்காவின் ஊடாக பஸ்ஸில் முஷ்டாயர் போனால், அங்குள்ள மடத்தில் சுமார் 1200 ஆண்டுப் பழமையான சுவரோவியங்கள். ஒரு முழு நாளை அதற்கு ஒதுக்குங்கள்.

சில நடைமுறை விஷயங்கள். சின்ன ஸ்டேஷன்கள் பலவற்றில் பொத்தானை அழுத்தினால்தான் வண்டி நிற்கும். ஏறுகிறவரும் பிளாட்பாரத்தில் அழுத்த வேண்டும். கிராமங்களுக்குக் கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் விலை கூடுதல்தான், ஆனால் அரைக்கட்டண அட்டை தீரானோ வரைக்கும் செல்லும். தங்குமிடத்தில் விருந்தினர் அட்டை தருவார்களா என்று முன்பே கேளுங்கள். சில இடங்களில் உள்ளூர்ப் பயணம் அதிலேயே அடங்கும். மே, நவம்பர் மாதங்களில் ஹோட்டல்களும் கேபிள் கார்களும் பல மூடிக் கிடக்கும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் லார்ச் மரங்கள் பொன்னிறமாக மாறத் தொடங்கும். கோடைக் கூட்டமும் குறைந்திருக்கும். நான் இப்போது அந்த வாரங்களுக்குத்தான் லீவு போடுகிறேன்.