ஹாங்காங் டாலரும் அர்ஜென்டினா பெசோவும்: கையிருப்பு எதைத் தாங்கியது?

இரண்டுமே அமெரிக்க டாலரோடு முடிச்சுப் போட்ட நாணயங்கள். ஹாங்காங் 1983-ல் ஒரு டாலருக்கு 7.80 என்று கட்டியது. அர்ஜென்டினா 1991-ல் சட்டமே போட்டது. 1992-ல் வந்த பெசோ ஒரு டாலருக்குச் சமமாக இருந்தது.

ஹாங்காங்கில் நோட்டு வெளியிடுபவை பெரும்பாலும் மூன்று வணிக வங்கிகள். சும்மா அடித்துவிட முடியாது: ஒவ்வொரு 7.80-க்கும் ஒரு அமெரிக்க டாலரை அரசு நிதியத்தில் முதலில் கட்ட வேண்டும். அர்ஜென்டினாவிலோ, நாணயத்தைத் தாங்க வைத்த டாலர் கையிருப்பில் ஒரு பகுதி சொந்த அரசின் டாலர் கடன்பத்திரமாகவே இருக்க முடிந்தது. நெருக்கடியில் அந்தக் காகிதத்தை யார் வாங்குவார்?

சரி, ஹாங்காங் முழுப் பாதுகாப்பா? அதுவும் இல்லை. கையிருப்பு தாங்குவது நோட்டையும் மத்திய வங்கியில் வங்கிகள் வைத்திருக்கும் பணத்தையும்தான். அயல்நாணய டெபாசிட்டையும் சேர்த்து மொத்தப் பண அளிப்போடு (மக்கள் கையில் உள்ள ரொக்கமும் வங்கி டெபாசிட்டுகளும்) வைத்துப் பார்த்தால், இன்று அங்கே கையிருப்பு கால் பங்குகூட வராது.

அர்ஜென்டினா விழுந்தது இந்த இடைவெளியில்தான். 2001-ல் மக்கள் டெபாசிட்டை எடுக்க முண்டியடித்தார்கள். டிசம்பரில் வாரத்துக்கு 250 பெசோதான் ரொக்கம் என்றது அரசு. அடுத்த மாதமே முடிச்சு அவிழ்ந்தது. ஹாங்காங்கில் 1997 அக்டோபரில் வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் ஒருநாள் கடனுக்கான வட்டி, ஆண்டுக் கணக்கில், 280 சதவீதம்வரை எகிறியும் 7.80 நின்றது. என் பார்வையில், அப்போது அங்கே அரசுக்குக் கடன் சுமை இல்லாததே பெரிய வித்தியாசம்.