ஏசி ஒழுகினால் உடனே கேஸ் நிரப்பச் சம்மதிக்காதீர்கள்

படுக்கையறை ஏசியிலிருந்து சுவரோரமாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் சர்வீஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். வந்த மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். "கேஸ் கம்மியா இருக்கு சார், அதான் ஒழுகுது" என்றார். பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்க்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேஸ் போட்டுவிட்டு, பில்லில் 'கசிவு சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தார்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் நம்பினேன். கேஸ் குறைந்தால் ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஐஸ் கட்டும். அது உருகும்போது சொட்டும். ஆனால் ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் போடுவது வெறும் பில்லுக்கான வேலை.

மூன்று வாரத்தில் அறைக்குள் ஈரத்துணி வாடை. திரும்பக் கூப்பிட்டால், "அது சுவர் ஓதம், ஏசி பிரச்சினை இல்லை" என்று சொல்லி அவர்களே ஒரு பெயின்டரை அனுப்பினார்கள். அவர் எதையும் சுரண்டவில்லை. ஈரச் சுவர் மேலேயே 'பூஞ்சை வராத பெயின்ட்' அடித்தார். அடுத்த மாதமே அது கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே பட்டி களிமண்ணாகக் குழைந்திருந்தது. பீரோவை நகர்த்தினோம். பின்பலகை முழுக்க மை தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள், அதன் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பஞ்சு. அந்த அறையில் படுத்த என் மகள் அத்தனை நாளும் இராத்திரி முழுக்க இருமியிருக்கிறாள். அதை நினைத்தால்தான் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் வேறொரு மெக்கானிக் வந்தார். முன்மூடியைக் கழற்றி, உள்ளே தண்ணீர் சேரும் டிரேயில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். வெளியே டிரைன் பைப் முனையில் ஒரு சொட்டு வரவில்லை. எல்லாம் சுவர்ப்பக்கமே வழிந்தது. பைப் நடுவில் தொய்ந்து, பிறகு மேலேறிப் போயிருந்தது. தொய்வில் கொழகொழவென்று அழுக்கு அடைத்திருந்தது. எடுத்துவிட்டு, நேராகச் சரிவு கொடுத்துக் கட்டினார். அரை மணி நேர வேலை, அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்கு வருகிறவர் கேஸ் பேச்சை எடுத்தால், முதலில் இந்தக் குவளைத் தண்ணீர் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அடுத்தது, பிரஷர் எவ்வளவு என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள்.

பூஞ்சைக்கு அதிக நேரம் தேவையில்லை. நனைந்த இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்காவிட்டால் பிடித்துக்கொள்ளும். செத்த பூஞ்சைகூட ஒவ்வாமை தரும் என்பதால் மேலே பெயின்ட் அடித்து மறைப்பதில் பயன் இல்லை, எடுத்துத்தான் ஆகவேண்டும். என்95 மாஸ்க், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்தோம். ஊறிப்போன பட்டியையும் பீரோவின் பின்பலகையையும் தூக்கிப் போட்டுவிட்டோம். பிளீச்சிங் போடுபவர்கள் அதை அமோனியா கலந்த கிளீனரோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

பழைய கம்பெனி இப்போது போனை எடுப்பதில்லை. சுவரைச் சுரண்டி அப்படியே விட்டிருக்கிறேன். முழுக்கக் காயும்வரை பட்டியும் இல்லை, பெயின்டும் இல்லை. மகள் கூடத்தில் படுக்கிறாள், இருமல் நின்றிருக்கிறது.