கல்குடா முதல் ஹெர்மிஸ் வரை: கிழக்குக் கரைச் சிதைவுகளில் பல பருவங்கள் மூழ்கிய அனுபவம்

இலங்கையின் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கப்பல் சிதைவுகளைப் பார்ப்பது என்றதும் எல்லோரும் முதலில் விசாரிப்பது ஹெர்மிஸைத்தான். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியக் குண்டுவீச்சில் 307 பேரோடு போனது. ஆனால் பருவந்தோறும் இறங்குகிறவர்களுக்கு அதிக நேரமும் நிறைவும் தருவது அதே நாளில் கல்குடாவுக்கு அப்பால் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்தான்.

மே முதல் செப்டம்பர் வரை வாருங்கள். வாடைக்காற்று காலத்தில் அலையும் சேற்று நீரும் சேர்ந்துகொள்ளும், படகே இறங்காது. பருவத்திலும் காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவது நல்லது. பிற்பகல் காற்றில் நங்கூரக் கயிறு இழுத்துக்கொண்டே இருக்கும்.

சார்ஜன்ட் சுமார் 24 மீட்டரில் உடைந்து, கவிழ்ந்து கிடக்கிறது. முக்குளிப்பு அட்டவணைப்படி, ஏறும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படாமல், 25 மீட்டரில் சாதாரணக் காற்றோடு 29 நிமிடம் இருக்கலாம். 32 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் கலவை என்றால் ஏறத்தாழ 45. அந்தக் கூடுதல் பதினைந்து நிமிடத்துக்காகவே நைட்ராக்ஸ் பயிற்சிக்குச் செலவழிக்கலாம். சிலிண்டரை நீங்களே அளந்து, விழுக்காட்டையும் ஆழ எல்லையையும் ஒட்டுநாடாவில் எழுதி ஒட்டுங்கள். 32-க்கு எல்லை 33 மீட்டர்.

இங்கே பெரிய ஆபத்து சுறா இல்லை, தங்கூசி எனும் நைலான் மீன்பிடி நூல். அறுந்த வலைகள் தகடுகளில் போர்த்திக் கிடக்கும், எதிர்வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பெரும்பாலும் மாட்டுவது முதுகுக்குப் பின்னால், சிலிண்டர் வால்வில். ஏதோ இழுக்கிறது என்று தெரிந்தவுடன் திரும்பக் கூடாது. திரும்பினால் நூல் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். அப்படியே நின்று, வந்த வழியே ஒரு முழம் பின்வாங்கி, நூல் தளர்ந்த பிறகு துணைவரை வெட்டச் சொல்லுங்கள். காலில் கட்டிய பெரிய கத்தியை விட, மார்புப் பட்டையில் கை எட்டும் இடத்தில் இருக்கும் சிறிய நூல்வெட்டிதான் உதவும். கத்திக்கு நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும், வெட்டிக்கு ஒரு கை போதும்.

கவிழ்ந்த உடலுக்கு அடியில் இருக்கும் இடைவெளிகள் ஆசை காட்டும். உள்ளே துடுப்பை மேலும் கீழும் அடித்தால் வண்டல் எழும்பி, சில நொடிகளில் கை தெரியாமல் போய்விடும். துருத் தகடுகள் ஆண்டுக்காண்டு மெலிந்து இற்று வருகின்றன. போன பருவத்தில் நுழைந்த வழி இந்தப் பருவத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். வெளியே நின்றாலே கலவா, அஞ்சாளை மீன்கள் போதிய அளவு தெரியும்.

கருவிகளில் முதலில் கெடுவது, காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மிதவைச் சட்டையின் காற்றூட்டும் பொத்தான். உப்பு படிகமாகி உள்ளே சிக்கினால் பொத்தான் அழுத்திய நிலையிலேயே நிற்கும், சட்டை தானாக ஊதி ஆளை மேலே தூக்கிக்கொண்டு போகும். அப்போது பொத்தானோடு மல்லுக்கட்டாமல் இணைப்புக் குழாயைப் பிடுங்கிவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். இந்தப் பிடுங்கலைக் கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை பழகுங்கள். ஒவ்வொரு நாளும் சட்டைக்கு உள்ளேயும் நன்னீர் விட்டுக் குலுக்கிக் கொட்டினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் வராது. ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் கருவி) ஊறவைக்கும்போது, சிலிண்டரில் பொருந்தும் முதல் நிலையின் மூடியைத் துடைத்துக் காயவைத்து இறுக்குங்கள். வாய்ப்பகுதியில் காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பொத்தானைத் தொடாதீர்கள், தொட்டால் குழாய் வழியே முதல் நிலைக்கே தண்ணீர் ஏறிவிடும். டார்ச்சில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி இருந்தாலும் தண்ணீர் புகும். சிலிக்கான் கிரீஸ் மினுமினுப்பு வரும் அளவு போதும், அதிகமானால் மணலைப் பிடிக்கும்.

முருகைக்கல் (பவளப்பாறை) பார்க்கத் திருகோணமலை அருகே நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு இருக்கிறது. 2003 முதல் தேசியப் பூங்கா. ஆழம் குறைவு, சிலிண்டர் இல்லாமலே பார்க்கலாம். கூட்டத்துக்கு முன் போனால் கருமுனைச் சுறாக்கள் தென்படும். ஆட்கள் நின்று மிதித்து ஒடித்த முருகைக்கல் துண்டுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தயவுசெய்து கால் ஊன்றாதீர்கள்.

இனி ஹெர்மிஸ். இடப்புறம் சாய்ந்து சுமார் 53 மீட்டரில் கிடக்கிறது. அங்கே அழுத்தம் 6.3 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 126 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் ஒற்றைச் சிலிண்டர் 200 பாரில் 19 நிமிடத்தில் முழுதாகத் தீர்ந்துவிடும். அதனால் இரட்டை 12 லிட்டர் சிலிண்டர்தான். துணைவரின் காற்று நின்றுபோனால் இருவரும் பதற்றத்தில் தலா 30 லிட்டர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடியில் 2 நிமிடம், மேலேறும்போது சுவாசிக்க வைத்திருக்கும் அடுத்த வாயுவுக்கு மாறும் 21 மீட்டர் வரை ஏறச் சுமார் மூன்றரை நிமிடம், ஆக ஏறத்தாழ 1,770 லிட்டர். இரட்டைச் சிலிண்டரில் அது 74 பார். மானி 75 காட்டும் வரை காத்திராமல் 90-இலேயே கிளம்புவதுதான் எங்கள் வழக்கம். 15 நிமிட அடித்தங்கலுக்கு இது தாராளம்.

சாதாரணக் காற்றில் ஹெர்மிஸுக்கு இறங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை மட்டும் பிரச்சினை இல்லை. அந்த ஆழத்தில் காற்றின் அடர்த்தி லிட்டருக்கு 8 கிராமைத் தொடும், பரிந்துரைக்கும் உச்சவரம்போ 6.2. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் கரியமில வாயு உடலில் தேங்கித் தலை சுற்றும். 21 விழுக்காடு ஆக்சிஜனும் 35 விழுக்காடு ஹீலியமும் கலந்தால் அடர்த்தி 5.8-க்குள் அடங்கும். ஹீலியம் எப்போதும் கிடைக்காது, பல வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

ஏறும்போது கயிறு கைவிட்டுப்போனால் 21 மீட்டரிலேயே அடையாள மிதவையை மேலே அனுப்பிவிடுங்கள், படகுக்காரருக்கு உங்கள் இருப்பிடம் தெரியும். ஆரஞ்சு மிதவை என்றால் நலம், மஞ்சள் என்றால் அவசரம் என்று புறப்படுமுன் அவரிடம் தமிழிலேயே பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். படகில் ஆக்சிஜன் பெட்டி இருக்கிறதா என்று திறந்து பார்த்து, மானியில் அழுத்தத்தையும் படித்துவிட்டுப் பிறகு ஏறுங்கள்.