அலைன்மென்ட்டா, ஷாக்ஸா, ஸ்பிரிங்கா: 100 கி.மீ. வேகத்தில் கார் நேராக ஓட எதில் காசு போடலாம்?

ஆனி, ஆடி மாதங்களில் காவல்கிணற்றிலிருந்து வள்ளியூர் வழியாகத் திருநெல்வேலிக்கு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கார் ஓட்டியவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இடது பக்கம் அடித்துக்கொண்டே இருக்கும். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று சட்டென்று நின்றுபோகும், லாரியின் மூக்கைத் தாண்டியதும் மறுபடி ஓங்கி அடிக்கும், கார் நடுத்திட்டுப் பக்கம் ஒதுங்கும். நல்ல நிலையில் இருக்கிற வண்டிக்கு ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தாலே போதும். என்னுடைய பத்து வருடப் பெட்ரோல் ஹேட்ச்பேக் அப்படி இல்லை. ஒதுங்கும், நான் திருத்துவேன், கொஞ்சம் தாமதித்து அளவுக்கு மேல் திரும்பும், மறுபடி எதிர்ப்பக்கம் திருத்துவேன். பின் சீட்டில் அம்மாவும் பையனும் இருக்கும்போது 80-க்கு மேல் மிதிக்கவே மனசு வராது.

இதற்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். அலைன்மென்ட் செய்து பார், டயரை அகலமாக்கு, ஷாக்ஸ் மாற்று, ஸ்பிரிங்கைத் தாழ்த்து, ஸ்டெபிலைசர் பார் தடிமனாகப் போடு, பானெட்டுக்குள் ஸ்ட்ரட் பார் போடு. எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே வியாதிக்கான மருந்து இல்லை. நான் தவறான வரிசையில் செலவு செய்து கற்றுக்கொண்டேன், அதனால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. சில நூறு ரூபாய் வேலை என்பதாலேயே பலர் இதை மதிப்பதில்லை. டோ, கேம்பர், காஸ்டர் என்று மூன்று கோணம். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது. நேர் ஓட்டத்தை உடனடியாக மாற்றுவது டோ, அதாவது முன்சக்கரங்கள் இரண்டும் மூக்கு உள்ளே பார்த்து நிற்கின்றனவா வெளியே பார்த்து நிற்கின்றனவா என்பது. கொஞ்சம் உள்ளே பார்த்தால் கார் நேராகப் போக விரும்பும். வெளியே பார்த்தால் சாலையின் ஒவ்வொரு சரிவும் ஏதோ ஒரு சக்கரத்தைத் தன் பக்கம் இழுக்கும், கார் மோப்பம் பிடித்துக்கொண்டு போகிற நாய் மாதிரி அலையும். அதற்காக உள்பக்கம் அதிகமாக வைத்துவிடவும் கூடாது. 14 அங்குல ரிம்மில் மொத்த டோ 3 மி.மீ. (இரு முன்சக்கரங்களின் இடைவெளி பின்விளிம்பைவிட முன்விளிம்பில் அவ்வளவு குறைவு) என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போட்டால் ஒவ்வொரு முன்டயரும் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் சுமார் 4 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. டயர் ஓரம் இறகு மாதிரிச் சீவிக்கொண்டு தேய்வது இதனால்தான். முன்சக்கர இழுவைக் கார்களில் எஞ்சின் இழுக்கும்போது சக்கரங்கள் தாமாகவே கொஞ்சம் உள்ளே திரும்பும், ஆகவே கம்பெனி அளவு பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அந்த அளவை நம்புங்கள்.

காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம்தான், திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரக் காரணம். அதிவேகத்தில் கையில் ஒரு கனம், ஒரு உறுதி தெரிகிறதே, அதற்கும் இதுவே முக்கியக் காரணம். சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் மேக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குத் தண்டு). இவற்றில் திருகித் திருத்த முடிவது முன்பக்க டோ ஒன்றுதான். காஸ்டருக்குத் திருகே கிடையாது. காஸ்டர் அளவு தப்பாக வந்தால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் ஏமாந்தது இங்கேதான். மெஷினில் எல்லா எண்ணும் பச்சையாக வந்தது, வெளியே வந்தால் வண்டி அப்படியேதான் அலைந்தது. வேறொரு மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் பின்புஷ்ஷில் (ரப்பர் இணைப்பில்) லிவரைக் கொடுத்து நெம்பிக் காட்டினார். ரப்பர் கிழிந்து ஆர்ம் முன்னும் பின்னும் ஆடியது. மெஷின் அளப்பது நிற்கிற வண்டியை. ஓடும்போது, பிரேக் பிடிக்கும்போது, காற்று தள்ளும்போது அந்த ஆர்ம் நகர்ந்தால் டோவும் காஸ்டரும் கூடவே நகர்ந்துவிடுகின்றன. அதனால் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை), ஸ்ட்ரட் மவுண்ட் ஆகிய இணைப்புகளைப் பார்க்காமல் செய்த அலைன்மென்ட் பாதி வேலைதான். புஷ் மாற்றும்போது கடைசி முறுக்கை வண்டி தன் எடையில் தரையில் நிற்கிற உயரத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். தொங்கலில் விட்டு முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

நான்கு சக்கர அலைன்மென்ட்டே கேளுங்கள். பின்பீமைத் திருத்த முடியாவிட்டாலும், அது கோணலாக இருந்தால் அங்கே தெரிந்துவிடும். பின்பக்கம் ஒரு ஓரமாகத் தள்ளிக்கொண்டு வண்டி நண்டு மாதிரிப் போகும், அதற்கு ஈடாக ஸ்டியரிங்கைக் கோணலாகவே பிடித்திருக்க வேண்டும். இன்னொன்று, 80-லிருந்து 100-க்குள் ஸ்டியரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் பேலன்சிங் குறை, அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாதது. அதற்கு அலைன்மென்ட் செய்து பிரயோஜனம் இல்லை.

அடுத்தது டயர். அலைன்மென்ட்டோடு போட்டி போடக்கூடிய ஒரே எதிராளி என்று இதைத்தான் சொல்வேன். இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். கீழ் வேரியன்ட்களில் 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்டில் 185/65 ஆர்15. முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-இல், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் அங்குலம். விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 2 மி.மீ. வித்தியாசம்கூட வராது. ஆனால் முதலாவதின் பக்கச்சுவர் 132 மி.மீ., இரண்டாவதில் 120. சுவர் உயரமாக இருந்தால் குழிக்கு நல்லது, பக்கவாட்டு விசைக்கு அது முதலில் வளைந்து அப்புறம்தான் பிடிக்கும். நான் சொன்ன அந்தத் தாமதத்தில் ஒரு பங்கு இதுதான். கம்பெனியே கொடுத்திருக்கிற பெரிய அளவுக்கு மாறுவது நல்ல செலவு, அதையும் தாண்டி 195, 205 என்று போனால் சாலையின் பள்ளக்கோடுகளை டயர் பிடித்துக்கொண்டு இழுக்க ஆரம்பிக்கும். எந்த டயரானாலும் காற்றழுத்தம் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற அளவுப்படி, காலையில் டயர் சூடாகும் முன். ஐந்து பேரும் பெட்டியும் ஏறினால் பின்டயருக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள், அதை யாருமே படிப்பதில்லை. நிறைந்த வண்டி பின்னால் ஊசலாடுகிறது என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இனி ஷாக்ஸும் ஸ்பிரிங்கும். இரண்டையும் ஒரே பையில் போட்டு 'சஸ்பென்ஷன் அப்கிரேட்' என்று விற்கிறார்கள், ஆனால் வேலை வேறு. ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது, ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. சாதாரணக் கார் ஸ்பிரிங்கின் மேல் ஒரு விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும். 100 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் போகிறோம், ஆகவே ஒரு ஆட்டம் முடிவதற்குள் வண்டி சுமார் 19 முதல் 28 மீட்டர் ஓடிவிடுகிறது. பாலத்தின் இணைப்புப் பட்டையைத் தாண்டியபின் வண்டி மூன்று முறை ஆடினால், அந்த அறுபது எழுபது மீட்டரும் டயர் சாலையை அழுத்தியும் விட்டும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் காற்று அடித்தாலோ பிரேக் பிடித்தாலோ பிடிப்பு குறைவு. ஷாக்ஸ் ஒரே நாளில் சாவதில்லை, மெதுவாகச் சோர்கிறது, நமக்கும் அது பழகிப்போகிறது. எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ 80,000 கி.மீ. தாண்டிய வண்டி இப்படி மிதந்தாலோ, நான்கையும் கம்பெனித் தரத்திலேயே புதிதாகப் போட்டால் போதும். பில்ஸ்டைன், கோனி மாதிரி உயர்ந்த வகைகள் நிஜமாகவே நல்லவை, காசு இருந்து உங்கள் மாடலுக்கும் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் செத்த ஷாக்ஸிலிருந்து புது ஷாக்ஸுக்கு வரும் வித்தியாசம், புது ஷாக்ஸிலிருந்து விலையுயர்ந்த ஷாக்ஸுக்கு வருவதைவிடப் பெரியது.

தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கு நான் எதிர்க்கட்சி. 40 மி.மீ. இறக்கினால் எடைமையம் கீழே வரும், வண்டி கிண்ணென்று நிற்கும் என்று சொல்லித்தான் எனக்கும் விற்றார்கள். எடைமையம் கீழே வருவது உண்மை. ஆனால் மேக்பெர்சன் அமைப்பில் வண்டி இறங்கும்போது லோயர் ஆர்ம் சாய்ந்து, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது, சாயவைக்கும் நெம்புகோலும் நீள்கிறது. ஸ்பிரிங்கின் கூடுதல் விறைப்பில் ஒரு பகுதி அதற்கே செலவாகிவிடும். டை ராட் கோணம் மாறுவதால் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் டோ தானாக மாறிக்கொண்டிருக்கும். அப்புறம் பழைய ஷாக்ஸ்: ஸ்பிரிங் 30 சதவீதம் விறைத்தால், அந்த ஸ்பிரிங்கோடு ஒப்பிட அதே ஷாக்ஸின் அடக்கும் திறன் சுமார் 12 சதவீதம் குறைந்துபோகிறது. ஆக, நேர் ஓட்டத்துக்காகப் போட்டது வண்டியைத் துள்ளவைக்கிறது. வேகத்தடைகளில் அடி தட்டுவது தனிக்கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனிக் கட்டமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இடது வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பியான ஸ்டெபிலைசர் பார் பற்றிச் சுருக்கமாக. இடதும் வலதும் வெவ்வேறாக ஏறி இறங்கும்போதுதான் அது முறுக்கிக்கொண்டு வேலை செய்யும். இரு சக்கரமும் சேர்ந்து ஏறும் பாலப் பட்டையில் அதற்கு வேலையே இல்லை. முன்னால் மட்டும் தடிமனாக்கினால் வளைவில் மூக்கு வெளியே தள்ளும், பின்னால் மட்டும் தடிமனாக்கினால் ஈரச் சாலையில் பின்பக்கம் நழுவப் பார்க்கும். குடும்பம் ஏறும் காரில் பின்னதை நான் போடமாட்டேன். இருக்கிற பாரின் லிங்க் ராடும் புஷ்ஷும் புதிதாக இருந்தாலே நிறைய வித்தியாசம் தெரியும், விலையும் சொற்பம். முன்ஸ்ட்ரட் இரண்டின் தலையையும் இணைக்கும் ஸ்ட்ரட் பார் ஒரு நல்ல இரும்புக்கம்பி. நெடுஞ்சாலையின் நேர்கோட்டில் அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் என் வண்டியில் நடந்தது இது. தாழ்த்திய ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையதையே மாட்டினேன். லோயர் ஆர்ம் இரண்டும் புதிது, லிங்க் ராட் புதிது, ஒரு டை ராட் எண்ட் புதிது, நான்கு ஷாக்ஸும் கம்பெனி வகை. டயரைக் கம்பெனி கொடுக்கும் பெரிய அளவுக்கு மாற்றினேன். எல்லாம் முடிந்து 500 கி.மீ. ஓடி அமர்ந்தபின் நான்கு சக்கர அலைன்மென்ட். போன ஆடியில் மறுபடி அதே காவல்கிணறு, அதே காற்று, முன்னால் ஒரு சிமென்ட் லாரி. 90-இல் முந்தினேன், காற்று அடித்தது, கார் ஒரு சாண் ஒதுங்கித் தானாகவே நின்றுகொண்டது. அம்மா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.